கண்ணாடி ஆலையில் ஓர் இரவு

நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய முதல் புத்தகம் நினைவிருக்கிறதா? அம்மா, ஆடு, இலை, ஈ என்று பளபளக்கும் வண்ணப் படங்கள் போட்டிருப்பார்கள். பார்த்தாலே கையில் எடுக்கத் தோன்றும்.

அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவளுடைய அப்பா படிக்கக் கொடுத்த புத்தகம் அப்படிப்பட்டதல்ல. அதில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். இங்கிலாந்து நாட்டின் செங்கல் சூளைகளில், அவள் வயதுக் குழந்தைகள் ஈரக் களிமண்ணைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். சுமை சரிந்துவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அவள் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டாள்.

அம்மாவுக்கும் பாட்டிக்கும் இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பச்சைப் பிள்ளையிடம் இதையெல்லாமா காட்டுவது என்று சண்டை பிடித்தார்கள். அப்பா மசியவில்லை. வசதியாக வளரும் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளின் கஷ்டம் தெரியாத வரை, அந்தப் பிள்ளைகளுக்கு விடிவே வராது என்பது அவருடைய கட்சி.

அந்தச் சிறுமியின் பெயர் ஃபிளாரன்ஸ் கெல்லி. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கவும், ஆலைகளில் வேலை செய்பவர்களின் உயிரையும் உடம்பையும் காக்கவும், கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் சுமார் நாற்பது ஆண்டுகள் போராடியவர்.

சர்க்கரை தொடாத பாட்டி

ஃபிளாரன்ஸ் 1859-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தார். அப்பா வில்லியம் கெல்லி சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். பிறகு சட்டம் படித்து, நீதிபதியாகி, 1861-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். 1890-ல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். ஆபிரகாம் லிங்கனுக்குத் தெரிந்தவர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு சுவாரஸ்யமான ஆள் உண்டு. ஃபிளாரன்ஸின் அத்தைப்பாட்டி சாரா பியூ. இவர் பருத்தித் துணி உடுத்த மாட்டார். சர்க்கரை சாப்பிட மாட்டார். ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பருத்திக் காடுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய சந்ததியினரும்தான். அடிமைகளின் வியர்வையில் விளைந்த பொருள் எதுவும் தன் உடம்பில் படக்கூடாது என்று பாட்டி வைராக்கியமாக இருந்தார். ஒரு பாட்டி சர்க்கரை சாப்பிடாமல் இருந்தால் அடிமை முறை ஒழிந்துவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாட்டியைப் பார்த்து வளர்ந்த பேத்தி பின்னாளில் என்ன செய்தார் என்று பாருங்கள்.

வீட்டில் துக்கமும் நிறைய இருந்தது. ஃபிளாரன்ஸோடு பிறந்த பெண் குழந்தைகள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகச் சிறு வயதிலேயே இறந்து போனார்கள். அம்மாவின் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போயிற்று. ஃபிளாரன்ஸும் அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். பள்ளிக்கூடம் போன நாட்கள் குறைவு. அப்பாவின் நூலகத்தில் இருந்த புத்தகங்களைத்தான் வரிசையாக எடுத்துப் படித்தார்.

பன்னிரண்டு வயதில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. 1871-ம் ஆண்டு இலையுதிர் காலம். உருக்கு தயாரிக்கும் புதிய முறையைக் காட்டுவதற்காக அப்பா அவரை ஓர் ஆலைக்கு அழைத்துப் போனார். நள்ளிரவு தாண்டிவிட்டது. பெரிய பெரிய உலைகளில் இரும்பு ஆறாக ஓடுகிறது, தீப்பொறி மழையாகக் கொட்டுகிறது. பெரியவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்தார்கள். ஃபிளாரன்ஸின் கண்கள் வேறு பக்கம் போயின. அந்த இருட்டிலும் புகையிலும், அவரைவிடச் சிறிய பையன்கள் கனமான தண்ணீர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதே காலத்தில் ஒரு கண்ணாடி ஆலையையும் இரவில் போய்ப் பார்த்தார். அங்கே இன்னும் மோசம். கண்ணாடி ஊதும் தொழிலாளி ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிறுவன். தகிக்கும் உலைக்கு அருகே தலையை வைத்துக்கொண்டு, பாட்டில் வார்க்கும் அச்சுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் சிறுவர்களுக்கு அங்கே வழங்கிய பட்டப் பெயர் என்ன தெரியுமா? நாய்கள்! இரும்பும் கண்ணாடியும்தான் இங்கே பெரிது, பிள்ளைகள் பெரிதில்லை என்று பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் புரிந்துபோயிற்று.

படிக்க இடமில்லை

1876-ல் ஃபிளாரன்ஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெண்களையும் சேர்த்துக்கொண்ட வெகு சில பல்கலைக்கழகங்களில் அது ஒன்று. நடுவில் தொண்டை அடைப்பான் நோய் வந்து மூன்று ஆண்டுகள் போல வீட்டில் கிடந்தார். 1882-ல் பட்டம் பெற்றார். சட்டத்தின் பார்வையில் குழந்தையின் நிலை எப்படி மாறி வந்திருக்கிறது என்பதுதான் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு. அப்போதே புத்தி அங்கேதான்!

மேற்கொண்டு படிக்க சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதற்காக இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஐரோப்பாவுக்குப் போய், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தொழிலாளர் நிலை பற்றிய விவாதங்கள் சூடு பறக்க நடந்துகொண்டிருந்தன. இங்கிலாந்துத் தொழிலாளர்களைப் பற்றி எங்கெல்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய புகழ் பெற்ற நூலை ஃபிளாரன்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1887-ல் நியூயார்க்கில் வெளியாயிற்று.

ஜூரிச்சில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு ரஷ்யரை 1884-ல் திருமணம் செய்துகொண்டார். நிக்கலஸ், மார்கரெட், ஜான் என்று மூன்று குழந்தைகள். நியூயார்க்கில் வாழ்ந்தார்கள். வீட்டில் கடன் தொல்லை. கணவர் அடிக்கவும் ஆரம்பித்தார். 1891-ம் ஆண்டு முடியும் தறுவாயில் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்காக ஃபிளாரன்ஸ் சிகாகோவுக்குப் போய்விட்டார். ஒரு பெண் தனியாக, மூன்று குழந்தைகளோடு, தெரியாத ஊருக்கு! அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்.

பனி கொட்டிய காலை

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே ஒரு நாள். வெளியே பனி. சிகாகோவின் ஏழைகள் வாழும் பகுதியில் இருந்த ஹல் ஹவுஸ் என்ற பெரிய வீட்டின் வாசலில் விடியற்காலையில் ஃபிளாரன்ஸ் வந்து நின்றார். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரும் கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார். கதவைத் திறந்தவர் ஜேன் ஆடம்ஸ். அவர் இடுப்பில் ஒரு குண்டுக் குழந்தை. அது சமையல்காரம்மாவின் குழந்தை! காலைச் சாப்பாடு தயாராக நேரமாகிவிட்டதால், குழந்தையை இவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஹல் ஹவுஸ் என்பது ஏழைகளுக்கு உதவுவதற்காக ஜேன் ஆடம்ஸும் அவருடைய தோழியும் 1889-ல் தொடங்கிய இல்லம். படித்தவர்கள் அங்கேயே ஏழைகளுக்கு நடுவில் குடியிருந்து வேலை செய்வார்கள். இந்த ஜேன் ஆடம்ஸ்தான் பின்னாளில், 1931-ல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஃபிளாரன்ஸ் அங்கேயே தங்கினார். பிள்ளைகளை ஊருக்கு வெளியே ஒரு நல்ல குடும்பம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது.

ஹல் ஹவுஸைச் சுற்றி இத்தாலி, ரஷ்யா, போலந்து என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பெரிய ஆயத்த ஆடை முதலாளிகள் துணியை வெட்டி ஒரு காண்டிராக்டரிடம் கொடுப்பார்கள். அவர் அதை இந்த வீடுகளில் கொடுத்துத் தைத்து வாங்குவார். சமைப்பது, படுப்பது, தைப்பது எல்லாம் ஒரே அறையில்தான். கோட்டுகளில் தற்காலிகமாகப் போட்ட தையல் நூலைப் பிரித்து எடுப்பது சின்ன விரல்களுக்கு வரக்கூடிய வேலை அல்லவா? அதனால் நடை பழகும் வயதுக் குழந்தைகளைக்கூட அந்த வேலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

மாநிலத் தொழிலாளர் துறை இதைப் பற்றிக் கணக்கெடுக்கும் பொறுப்பை 1892-ல் ஃபிளாரன்ஸிடம் கொடுத்தது. வீடு வீடாக ஏறி இறங்கினார். விஷயத்தை விசாரிக்கச் சட்டசபை உறுப்பினர்கள் வந்தபோது, அவர்களைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் அந்த இருட்டு அறைகளைக் காட்டினார். காகிதத்தில் படிப்பது வேறு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நேரில் நிற்பது வேறு!

1893-ல் இல்லினாய் மாநிலத்தில் புதிய சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆலை வேலையில் வைக்கக்கூடாது. பெண்கள் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. வீடுகளில் துணி தைப்பதற்கும் கட்டுப்பாடு. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஆளுநர் ஆல்ட்கெல்ட், ஃபிளாரன்ஸையே தலைமை ஆலை ஆய்வாளராக நியமித்தார். அவருக்குக் கீழே ஓர் உதவியாளர், பத்து ஆய்வாளர்கள். அந்தப் பத்துப் பேரில் ஐந்து பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. மாநிலம் முழுவதற்கும் பன்னிரண்டே பேர்!

கதவைத் தட்டிய ஆய்வாளர்

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் வேலையே ஆரம்பித்தது.

16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோர் வயதைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். பல பெற்றோர் கூசாமல் பொய் வயது எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அப்பா இல்லாத வீட்டில் பத்து வயதுப் பையன் கொண்டு வரும் காசில்தான் அடுப்பு எரிந்தது. பிள்ளைகளுக்காகப் பேச வந்த ஆய்வாளரைப் பார்த்துப் பிள்ளைகளின் தாய்மார்களே கதவைச் சாத்தினார்கள். பின்னாளில் நியூயார்க்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வேலையை விட்டுப் பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளையின் குடும்பத்துக்கு, அந்தப் பிள்ளை சம்பாதித்த அளவு பணத்தை உதவித்தொகையாகக் கொடுத்தார்கள்.

ஆலைகளில் ஃபிளாரன்ஸ் பார்த்தவை பயங்கரமானவை. தகரத்தை அச்சடித்து வெட்டும் இயந்திரங்களில் பையன்கள் விரல்களை இழந்தார்கள். இறைச்சிக் கூடங்களில் சிறுவர்கள் கூரிய கத்திகளோடு ஈரத்தில் நின்று வேலை செய்தார்கள். பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை நடத்தினார். உடம்பு இளைத்தவர்களுக்கு வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதினார். இயந்திரங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிக்கையில் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பதினோரு வயதுப் பையன் ஒருவன் படச் சட்டங்களுக்குத் தங்கப் பூச்சுப் பூசும் வேலை செய்தான். அந்தப் பூச்சில் விஷம். அவனுடைய வலது கை செயல் இழந்துவிட்டது. ஃபிளாரன்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய், அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடச் சொன்னார். அங்கே இருந்த இளம் அதிகாரி, இந்த வழக்கை நான் எடுப்பேன் என்று எதிர்பார்த்தா வந்தீர்கள் என்பது போல ஆச்சரியப்பட்டார். கையில் முக்கியமான வழக்குகள் நிறைய இருக்கின்றன, இது எப்போது வருமோ என்று கைவிரித்துவிட்டார்.

ஃபிளாரன்ஸ் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாளே சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்! பகலில் ஆய்வாளர் வேலை, மற்ற நேரத்தில் படிப்பு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். இனி வழக்கு நடத்த யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

1894-ல் சிகாகோவில் பெரியம்மை பரவியது. இப்போது உலகத்திலேயே இல்லாத நோய் அது. அப்போது ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று போட்ட கொடிய நோய். அம்மை வார்த்துக் கிடந்த குழந்தையின் பக்கத்திலேயே விற்பனைக்குப் போகும் கோட்டுகள் குவிந்து கிடந்ததை ஃபிளாரன்ஸும் அவருடைய ஆட்களும் வீடு வீடாகக் கண்டுபிடித்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிகளுக்குப் பயம். ஃபிளாரன்ஸ் விடவில்லை. நோய் இருந்த வீடுகளுக்குள் நுழைந்து, அந்தத் துணிகளை அழிக்க வைத்தார். தனக்கும் நோய் தொற்றலாம் என்பதை அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த ஆண்டு பெரிய அடி விழுந்தது. பெண்களுக்கு 8 மணி நேர வேலை என்ற பகுதி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1895-ல் தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியும் முதலாளியும் விருப்பப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு தலையிடக்கூடாதாம். அதற்கு நீதிபதிகள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம். விடுதலையான அடிமைகளைக் காப்பதற்காக 1868-ல் ஃபிளாரன்ஸின் அப்பா போன்றவர்கள் கொண்டுவந்த திருத்தம் அது! யாரைக் காக்க வேலி போட்டார்களோ, அந்த வேலியே பயிரை மேய்ந்தது.

1896 தேர்தலில் ஆல்ட்கெல்ட் தோற்றார். 1897-ல் புதிய ஆளுநர் ஃபிளாரன்ஸைப் பதவியிலிருந்து நீக்கினார். அவருக்குப் பதிலாக வந்தவர் யார் தெரியுமா? சிறுவர்களை ஏராளமாக வேலைக்கு வைத்திருந்த ஒரு கண்ணாடி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்!

சட்டையில் ஒரு வெள்ளைச் சீட்டு

சாரா பியூ பாட்டியை மறக்கவில்லையே? இப்போதுதான் பாட்டியின் பாடம் வேலைக்கு வந்தது. 1899-ல் நியூயார்க்கில் தேசிய நுகர்வோர் சங்கம் என்ற அமைப்பு தொடங்கியபோது ஃபிளாரன்ஸ் அதன் பொதுச் செயலாளர் ஆனார். சாகும் வரை, 32 ஆண்டுகளுக்கு மேல், அந்த வேலைதான்.

பாட்டி ஒருவராகச் செய்ததை, ஊரே சேர்ந்து செய்தால்? அதுதான் யோசனை. சங்கத்தார் முதலில் பெண்களின் வெள்ளைத் துணி உள்ளாடைகள் தைக்கும் தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்தார்கள். அங்கே சிறு பிள்ளைகள் வேலை செய்யவில்லை, கூடுதல் நேரம் வாங்கவில்லை, சுத்தமாக இருக்கிறது, மாநிலச் சட்டப்படி நடக்கிறது என்றால் அந்தத் துணியில் ஒரு வெள்ளைச் சீட்டு தைத்துக்கொள்ளலாம். சீட்டு இருந்தால் வாங்குவோம், இல்லாவிட்டால் வாங்க மாட்டோம் என்று பெண்கள் கடைகளில் கேட்க ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு கடைச் சிப்பந்திகள் நள்ளிரவு வரை நின்றே வேலை பார்த்ததால், கடைசி நேரத்தில் வராமல் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள் என்றும் சங்கம் பிரசாரம் செய்தது. நம்மூரில் தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக் கடையில் நிற்கும் அக்காக்களின் கால்களை நினைத்துப் பாருங்கள், இதன் அருமை புரியும்.

ஃபிளாரன்ஸ் எப்போதும் கறுப்பு உடைதான் உடுத்துவார். ரயில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். மேடையில் ஏறினால் கணீரென்ற குரல். கோபமும் வரும், கேலியும் வரும், கையில் புள்ளிவிவரம் இல்லாமல் ஒரு வார்த்தை வராது.

1905-ல் அவருக்கு ஒரு பெரிய துயரம். மகள் மார்கரெட் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதயக் கோளாறால் இறந்துபோனாள். ஃபிளாரன்ஸ் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. திரும்ப வேலைக்கு வந்தார்.

இரண்டு பக்கமும் நூறு பக்கமும்

ஆரகன் மாநிலத்தில் பெண்கள் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. போர்ட்லண்ட் நகரில் ஒரு சலவை நிலைய முதலாளி அதை மீறினார். அபராதம் விழுந்தது. அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டம் அங்கே தோற்றால், நாடு முழுவதும் இப்படிப்பட்ட சட்டங்கள் எல்லாமே தோற்றுவிடும்.

ஃபிளாரன்ஸும் அவருடைய உதவியாளர் ஜோசஃபின் கோல்ட்மார்க்கும் முதலில் பெரிய வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தார்கள். பெண்கள் இஷ்டப்பட்டு அதிக நேரம் வேலை செய்தால் என்ன என்று அவர் கேட்டு அனுப்பிவிட்டார். பிறகு ஜோசஃபினின் அக்கா கணவரான லூயி பிராண்டைஸிடம் போனார்கள். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. நீண்ட நேர வேலை உடம்பை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆதாரங்கள் வேண்டும். அதுவும் இரண்டே வாரத்தில்!

சங்கத்துப் பெண்கள் நூலகங்களில் போய் உட்கார்ந்தார்கள். பல நாட்டு ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், மருத்துவர்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். களைத்துப் போன தொழிலாளிக்கு விபத்து அதிகம் நடக்கிறது, நோய் அதிகம் வருகிறது என்று அடுக்கினார்கள். நீதிமன்றத்துக்குக் கொடுத்த மனு நூறு பக்கங்களுக்கு மேல். அதில் சட்டப் பேச்சு இரண்டே பக்கம்! மீதி எல்லாம் நிஜ வாழ்க்கை. 1908 பிப்ரவரியில் நீதிபதிகள் எல்லாரும் ஒருமனதாக அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். பெண்கள் ஆண்களைவிடப் பலவீனமானவர்கள் என்று அந்தத் தீர்ப்பு பேசியது இன்று பலருக்கு ஒப்பாது. ஆனால் ஃபிளாரன்ஸின் குழு அதோடு நிற்கவில்லை. 1917-ல் ஆண்களுக்கும் சேர்த்து 10 மணி நேரச் சட்டம் அதே உச்ச நீதிமன்றத்தில் வென்றது.

தோழிகளோடும் சண்டை

அடிமை முறை ஒழிந்துவிட்டாலும் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட முடியவில்லை. தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி. கும்பலாக வந்து அவர்களைக் கொலை செய்தவர்களுக்குத் தண்டனையே கிடைப்பதில்லை. 1909-ல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஃபிளாரன்ஸும் ஒருவர். கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவருடைய நண்பர். பல ஆண்டுகள் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார்.

பெயருக்கு உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்க 1920-களில் ஒரு மசோதா வந்தது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஃபிளாரன்ஸ் நுணுகிப் படித்தார். தென் மாநிலங்கள் அந்தப் பணத்தை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கே செலவழித்துவிட்டால் தடுக்க அதில் ஒரு வரிகூட இல்லை. எதிர்க்க வேண்டும் என்று சங்கத்தில் பிடிவாதமாக நின்றார். அந்த மசோதாவை ஆதரித்த பெண்கள் அமைப்புகளில் அவருடைய நெருங்கிய தோழிகள் இருந்தார்கள். அவர்களுக்கு வருத்தம்தான். அதற்காக அவர் பின்வாங்கவில்லை.

ஒளிரும் கடிகாரங்கள்

இருட்டில் பளிச்சென்று தெரியும் கடிகார முட்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த மையால் அந்த எண்களை எழுதினார்கள். நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் இளம் பெண்கள் பலர் இந்த வேலை செய்தார்கள். எண்கள் சிறியவை. தூரிகையின் முனை கூராக வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போயிற்று. சில ஆண்டுகளில் பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது. ஒவ்வொருவராக இறந்தார்கள். நிறுவனமோ எங்கள் மையில் ஒன்றுமில்லை என்றது.

நுகர்வோர் சங்கத்தின் நியூ ஜெர்ஸிக் கிளைதான் 1924 முதல் இதைக் கிளறியது. ஃபிளாரன்ஸும், ஹல் ஹவுஸில் அவரோடு இருந்தவரும் தொழில் நோய்களைப் பற்றிய நிபுணருமான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டனும் துணை நின்றார்கள். 1926-ல் ரேடியத்தால் வரும் எலும்பு அரிப்பு, நஷ்டஈடு கொடுக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில் 1928-ல் சமரசம் ஏற்பட்டது. ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. அதை நெடுநாள் அனுபவிக்க அவர்கள் உயிரோடு இருக்கவில்லை என்பதுதான் வேதனை.

சரி, குழந்தைத் தொழிலாளர் விஷயம் என்ன ஆயிற்று? 1904-ல் அதற்கென்றே ஒரு தேசியக் குழு தொடங்கியபோது ஃபிளாரன்ஸ் அதில் இருந்தார். குழந்தைகளின் நலனுக்காக மத்திய அரசில் ஒரு தனித் துறை வேண்டும் என்று அவரும் தோழி லிலியன் வால்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1912-ல் அது கிடைத்தது. 1916-ல் நாடு முழுவதற்குமான குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1918-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அரசியல் சட்டத்தையே திருத்தலாம் என்று 1924-ல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. போதுமான மாநிலங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸை நாட்டுக்கு விரோதமானவர் என்றும் ரஷ்யாவின் ஆள் என்றும் சிலர் தூற்றினார்கள். அறுபத்தைந்து வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய நிலை.

1932-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி, தான் பிறந்த ஃபிலடெல்ஃபியாவிலேயே ஃபிளாரன்ஸ் கெல்லி இறந்தார். அப்போதும் அமெரிக்க ஆலைகளில் சிறுவர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் 1902-ல் ஒரு கல்லூரியில் அவர் பேசியதைக் கேட்ட மாணவி ஒருவர் இருந்தார். பெயர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் தன் வழி எது என்று தெரிந்துகொண்டதாக அவர் பின்னால் சொன்னார். நுகர்வோர் சங்கத்தின் நியூயார்க் கிளையில் வேலை பார்த்தார். 1933-ல் அமெரிக்காவின் முதல் பெண் மத்திய அமைச்சர் ஆனார். அதுவும் தொழிலாளர் துறை அமைச்சர்! 1938-ல் அவருடைய முயற்சியால் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. ஆலைகளில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேலை இல்லை. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்றும் அது சொன்னது. வழக்கம்போல இதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1941-ல் நீதிபதிகள் ஒருமனதாக இந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். 1918-ல் தாங்கள் சொன்ன தீர்ப்பு தவறு என்றும் அதே நீதிமன்றம் சேர்த்து எழுதியது.